வீட்டு முற்றத்தில் கார் பராமரிப்பு: பேட்டரி முதல் பிரேக் பேட் வரை, வரிசை தவறாமல்

கார் வேலையை வீட்டிலேயே செய்யத் தொடங்குகிறவர்கள் தடுமாறுவது ஸ்பேனர் பிடிக்கத் தெரியாததால் அன்று. எதை முதலில் கழற்றுவது, எதைக் கடைசியில் இறுக்குவது என்ற வரிசை தெரியாததால்தான். குமரி மாவட்டத்தில் இதனுடன் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. கடற்காற்றின் உப்பும் ஆண்டுக்கு இரண்டு பருவமழையும் சேர்ந்து, காரின் அடிப்பகுதியில் உள்ள போல்ட்டுகளைத் துருவால் பூட்டிவிடுகின்றன. உள்நாட்டு ஊர்களில் அரை மணி நேரத்தில் முடிகிற வேலை குளச்சலிலும் முட்டத்திலும் அரை நாளை விழுங்குவது இதனால்தான்.

வாரண்டி முடிந்த, முன்சக்கர இழுவை கொண்ட, முன்னால் டிஸ்க் பிரேக் உள்ள சிறிய பெட்ரோல் காரை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. டீசல் காருக்கும் பெரும்பகுதி பொருந்தும். அளவுகளைப் பொறுத்தவரை உங்கள் காரின் பயனர் கையேடு சொல்வதே முடிவு.

1. எந்த வேலை நமக்கு, எந்த வேலை மெக்கானிக்குக்கு

பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்தல், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், வைப்பர் ரப்பர், எஞ்சின் ஆயிலும் அதன் ஃபில்டரும், முன் சக்கர பிரேக் பேட் ஆகியவை பொறுமையுள்ள எவரும் வீட்டில் செய்யக்கூடியவை. ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருகிற வேலைகளும் இவையே. ஆகவே கூலி மிச்சமாவதும் இவற்றில்தான். ஸ்பேனர் செட்டுக்கும் ஜாக்கிக்கும் செய்யும் செலவு முதல் முறையிலேயே திரும்பி வந்துவிடாது; இரண்டு மூன்று சர்வீஸ் கடந்த பிறகே வரவு தெரியும்.

டைமிங் பெல்ட், ஏசி வாயு, எரிபொருள் குழாய், ஏர்பேக் சார்ந்த இணைப்புகள், சிஎன்ஜி பாகங்கள், ஹைபிரிட் மற்றும் மின்சாரக் கார்களின் ஆரஞ்சு நிற உயரழுத்தக் கம்பிகள் ஆகியவற்றைத் தொடக் கூடாது. பிரேக் குழாயைக் கழற்றி உள்ளே காற்று புகவிடும் எந்த வேலையும் தொடக்கக்காரருக்கு வேண்டாம். பின்சக்கர டிரம் பிரேக்கையும் முதல் ஆண்டில் விட்டுவிடலாம், ஏனெனில் அதன் ஸ்பிரிங்குகளை மாட்டும் முறையைப் பக்கத்தில் ஒருவர் இருந்து காட்டினால்தான் கை பழகும்.

வாரண்டி இன்னும் இருந்தால் இந்த வேலைகளில் எதைத் தொடுவதற்கு முன்பும் வாரண்டிப் புத்தகத்தின் நிபந்தனைகளை வாசித்துவிடுங்கள்.

2. நாளும் இடமும்

ஆண்டில் இரண்டு முறை இந்த வேலைக்கு ஏற்ற காலம் வருகிறது. ஒன்று, இடவப்பாதி மழை, அதாவது வைகாசி நடுவில் வரும் தென்மேற்குப் பருவமழை, தொடங்குவதற்கு முந்திய சித்திரையும் வைகாசியின் முற்பாதியும். மற்றொன்று, சாரல் ஓய்ந்து ஐப்பசி அடைமழை பிடிப்பதற்கு முந்திய ஆவணி, புரட்டாசி. மழைக்கு முன்னால் பிரேக்கையும் பேட்டரியையும் பார்த்துவிட வேண்டும் என்பது ஒரு காரணம். நனைந்த மண்ணில் காரைத் தூக்கவே கூடாது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

வேலையைச் சனிக்கிழமை காலையில் தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு போல்ட் முறிந்தால் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஸ்பேர்ஸ் கடை திறந்திருக்கும் என்று நம்பிப் போக முடியாது. திங்கட்கிழமை வேலைக்கும் கார் இருக்காது. கடைக்குப் போய்வர வீட்டில் ஒரு ஸ்கூட்டர் இருப்பது கருவிப் பெட்டியில் இருப்பவற்றுக்குச் சமமான தேவை.

தரை சமமாகவும் கடினமாகவும் இருக்க வேண்டும். நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் வீடுகள் பெரும்பாலும் சரிவில் நிற்கின்றன, முற்றத்துச் செம்மண் ஒரு மழைக்கே இளகிவிடுகிறது. கான்கிரீட் போட்ட கார் ஷெட் இருந்தால் நல்லது. பேவர் கல் பதித்த முற்றமாயின் ஜாக்கிக்கும், தூக்கிய காரைத் தாங்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் இரண்டடி சதுரத்தில் தடிப்பலகை இட வேண்டும். வெறும் மண்ணும் சரிவும்தான் உண்டு என்றால், சக்கரம் தரையில் இருக்கும்போதே செய்யக்கூடிய வேலைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிழலுக்காகத் தென்னை மரத்தடியில் காரை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். காருக்கு அடியில் படுத்திருக்கும்போது மேலே மட்டை விழுகிற ஓசையைக் கேட்டு ஒருமுறை பதறி எழுந்தால் அந்த ஆசை போய்விடும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் காற்றுக்காலத்தில் வேலை செய்கிறவர்கள் காரின் முகத்தைக் காற்றுக்கு எதிராக வைக்கக் கூடாது. பானெட்டுக்கு அடியில் புகும் காற்று அதைத் தாங்குகம்பியிலிருந்து தூக்கிக் கீலை வளைத்துவிடும்.

3. முன்கூட்டியே வாங்க வேண்டியவை

8 முதல் 19 மி.மீ. வரையிலான ரிங் ஸ்பேனர்களும், போல்ட் தலையை மூடிப் பிடிக்கும் அதே அளவு சாக்கெட்டுகளும் அவற்றைத் திருகும் ராட்செட் கைப்பிடியும் அடிப்படை. சாக்கெட்டை வாங்கும்போது உட்புறத்தைப் பாருங்கள். பன்னிரண்டு மூலை உள்ளது போல்ட் தலையின் முனைகளை மட்டும் பிடிக்கும். ஆறு மூலை உள்ளது பக்கங்களை முழுமையாகப் பிடிக்கும். துருப்பிடித்த போல்ட்டில் பன்னிரண்டு மூலை வழுக்கித் தலையை வட்டமாக்கிவிடும். ஆகவே கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஆறு மூலைதான்.

இறுக்கும் விசையை (டார்க்) அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று கட்டாயம் வேண்டும். இது ஆடம்பரம் என்று எண்ணித் தவிர்க்கிறவர்கள் கை பலத்தையே அளவுகோலாக்குகிறார்கள். என் முதல் ஆயில் மாற்றத்தின்போது ஸ்பேனரில் ஒரு குழாயைச் செருகி நீட்டி இறுக்கினேன். எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான அலுமினிய சம்பின் மரை அப்படியே உருவி வந்தது. அந்த ஆண்டு மிச்சப்படுத்திய பணம் முழுவதும் புதிய சம்புக்குப் போயிற்று.

இரண்டு டன் தாங்கும் ஹைட்ராலிக் ஜாக்கி, ஒரு ஜோடி ஸ்டாண்டு, சக்கரத்துக்கு அண்டை கொடுக்க மரக்கட்டைகள், கம்பி பிரஷ், திருகி அழுத்தும் சி-கிளாம்ப், மல்டிமீட்டர், ஆயில் ஃபில்டர் ரெஞ்ச், நைட்ரைல் கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி, ஐந்து லிட்டருக்குக் குறையாத அகன்ற பாத்திரம், பனியன் வேஸ்ட் ஆகியவை மீதிப் பட்டியல். காரோடு வருகிற கத்தரி ஜாக்கி பஞ்சரான சக்கரத்தை வழியில் மாற்றுவதற்கு மட்டுமே உரியது.

உதிரிபாகத்தைக் காரின் பெயரைச் சொல்லி வாங்காமல், பதிவுச் சான்றில் உள்ள 17 இலக்க சேசிஸ் எண்ணைக் காட்டி வாங்குங்கள். ஒரே பெயருள்ள காரில் ஆண்டுக்கு ஆண்டு பேட் வடிவமும் ஃபில்டர் அளவும் மாறியிருக்கும். வாங்கியவுடன் பெட்டியைத் திறந்து பாருங்கள். கார் ஸ்டாண்டின் மேல் நிற்கும்போது பொருந்தாப் பாகம் கையில் இருப்பது பெரும் அவதி. பில்லைப் பத்திரப்படுத்தி, தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

4. முந்தின நாள் மாலை

இந்தப் படியை விட்டுவிடுகிறவர்களே மறுநாள் போல்ட்டை முறிக்கிறார்கள். மறுநாள் கழற்ற வேண்டிய ஒவ்வொரு போல்ட்டையும் முதலில் கண்டுபிடியுங்கள். அதைச் சுற்றியுள்ள மண்ணையும் துருவையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, துரு இளக்கும் ஸ்பிரேயை மரை தொடங்கும் இடத்தில் அடியுங்கள். இரவு ஊறட்டும். ஸ்பிரே மரைக்குள் நுண்துளை வழியே ஏறுவதற்கு நேரம் வேண்டும். அடித்த உடனே திருகினால் பயன் பாதிகூட இல்லை.

சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க்கிலும் அதை அழுத்திப் பிடிக்கும் பேட்டிலும் ஸ்பிரே ஒரு துளிகூடப் படக் கூடாது, பட்டால் பிரேக் பிடிக்காது. டிஸ்க் பக்கத்தில் ஸ்பிரே அடிப்பதற்குப் பதில் துணியில் நனைத்து மரையில் ஒற்றுவதே பாதுகாப்பு. வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை ஊற்றுகிற வழக்கமும் எங்கள் பக்கம் உண்டு. அது துருவுக்குள் இறங்காது. 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறைந்தும் போகும். நாளடைவில் பிசினாகிப் புழுதியைச் சேர்க்கும்.

மறுநாள் கழற்றும்போது போல்ட் அசைய மறுத்தால், ஒரே திசையில் பலத்தைக் கூட்டாதீர்கள். சிறிது இறுக்கி, சிறிது தளர்த்தி, மீண்டும் ஸ்பிரே அடித்து, சுத்தியலால் தலையில் மெல்லத் தட்டி, மறுபடி முயலுங்கள். இறுக்கும் திசையில் அசையும் சிறு அசைவே துருவின் பிடியை உடைக்கிறது.

5. பேட்டரி முனைகள்

முதல் வேலை இதுதான், ஏனெனில் எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும், கருவியும் 10 மி.மீ. ஸ்பேனர் ஒன்றே. எதையும் தொடுமுன், இரவு முழுவதும் ஓடாமல் நின்ற காரின் பேட்டரி மின்னழுத்தத்தை மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு மின்னேற்றம், 12.2 வோல்ட்டுக்கு வந்திருந்தால் பாதிதான் மீதி. எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். அந்த அளவுக்கு ஏறாவிட்டால் குற்றம் பேட்டரியில் இல்லாமல், அதை மின்னேற்றும் ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்கலாம். இந்த ஒரு பார்வையே தேவையற்ற புதிய பேட்டரியைத் தவிர்த்துவிடக்கூடும்.

எஞ்சினை நிறுத்தி, நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். காரின் உடல் முழுவதும் நெகட்டிவுடன் இணைந்திருக்கிறது. பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனரின் மறுமுனை காரின் இரும்பில் பட்டால் ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும். நெகட்டிவ் ஏற்கெனவே பிரிந்திருந்தால் அந்த ஆபத்து இல்லை. கையிலுள்ள மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள்.

முனைகளில் படிந்த வெண்மையும் பச்சையுமான பொடியை, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி சமையல் சோடா கலந்து பழைய பல்துலக்கியால் தேய்த்தால் நுரைத்துக் கரையும். அந்தக் கரைசல் பேட்டரி மூடிகளின் துளைக்குள் இறங்கக் கூடாது. துடைத்து உலர்த்தி, இறுக்கி மாட்டிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள். மாட்டுவதற்கு முன்பே பூசினால் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையே படலம் நிற்கும். உப்புக்காற்று உள்ள ஊர்களில் இதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்வது மிகையாகாது.

6. இரண்டு ஃபில்டர்கள்

எஞ்சின் ஏர் ஃபில்டர் ஒரு பெட்டிக்குள் கிளிப்புகளால் மூடப்பட்டிருக்கும். திறந்ததும் பெட்டியின் அடியைப் பாருங்கள். சில நாட்கள் நின்ற காரில் எலி கொண்டுவந்து சேர்த்த தேங்காய் நாரும் கடித்த ஒயரும் இங்கேதான் கண்ணில் படும். ஃபில்டரை எடுத்த பின் வாய்ப்பகுதியைத் துணியால் மூடிவைத்து, பெட்டியைத் துடைத்து, புதியதை விளிம்பு ரப்பர் மடங்காமல் அமர்த்துங்கள். விளிம்பு மடங்கினால் வடிகட்டாத காற்று பக்கவாட்டில் நுழையும்.

ஏசி ஃபில்டர் பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. அதில் உள்ள அம்புக்குறி காற்றோட்டத்தின் திசையில் இருக்க வேண்டும். குவாரி லாரிகள் ஓடும் சாலைகளில் தினமும் போகிறவர்கள் இரண்டு ஃபில்டர்களையும் கையேடு சொல்லும் கிலோமீட்டருக்கு முன்பே மாற்ற வேண்டியிருக்கும்.

7. காரைத் தூக்குதல்

ஹேண்ட்பிரேக்கை முழுவதும் இழுத்து, இரண்டு பின்சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கியரில் போட்டிருக்கிறேன் என்று நிம்மதி கொள்ள வேண்டாம். முன்சக்கர இழுவைக் காரில் கியர் பிடித்திருப்பது முன்சக்கரங்களைத்தான், அவை அந்தரத்துக்குப் போகப் போகின்றன.

சக்கரத்தைக் கழற்றப்போவதாக இருந்தால், கார் தரையில் நிற்கும்போதே நட்டுகளை அரைச்சுற்றுத் தளர்த்துங்கள். தூக்கிய பின் பலம் கொடுத்தால் சக்கரம் சுழலும், கார் ஸ்டாண்டிலிருந்து நழுவும்.

ஜாக்கி வைக்க வேண்டிய இடத்தைக் கையேட்டில் பார்த்து அங்கே மட்டும் வையுங்கள். ஆயில் சம்பு, ரேடியேட்டர் அடி, தகட்டுத் தரை ஆகியவற்றில் வைத்தால் அவை நசுங்கும். அதோடு அந்த இடத்துத் தகடு துருவால் உதிர்கிறதா என்றும் கவனியுங்கள். கடலோரத்தில் பத்தாண்டுக்கு மேல் ஓடிய காரில் ஜாக்கி முனை தகட்டுக்குள் அமுங்கிப் போவது நடக்கிற காரியம். அப்படி இருந்தால் தூக்காமல் வெல்டிங் பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

தூக்கியவுடன் ஸ்டாண்டை வைத்து எடையை அதன் மேல் இறக்குங்கள். ஹைட்ராலிக் ஜாக்கியின் சீல் எச்சரிக்காமல் விட்டுவிடும், ஆகவே ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலை போகக் கூடாது. ஸ்டாண்டுக்குப் பதிலாக ஹாலோ பிளாக்கையோ வெட்டுக்கல்லையோ அடுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சுவரில் பரவலாக எடை தாங்குகிற கல், ஒரு புள்ளியில் எடை விழும்போது பிளந்துவிடும். கழற்றிய சக்கரத்தைக் காரின் ஓரத்துக்கு அடியில் படுக்கப் போட்டுவையுங்கள். எது நழுவினாலும் கடைசித் தடுப்பு அதுவே. பிறகு தோளால் காரை ஒருமுறை தள்ளிப் பாருங்கள். அசைகிற கார் நீங்கள் வெளியே நிற்கும்போதே அசையட்டும்.

8. எஞ்சின் ஆயிலும் அதன் ஃபில்டரும்

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, அதன் பிறகு காரைத் தூக்குங்கள். இளஞ்சூட்டில் ஆயில் இளகி அழுக்கோடு வடியும். நெடுந்தூரம் ஓடிவந்த உடனே திறந்தால் கை வெந்துபோகும்.

மேலே ஆயில் ஊற்றும் மூடியை முதலில் திறந்துவையுங்கள். காற்று உள்ளே போனால் வடிவது விரைவாகும். அந்த மூடி திறக்கிறதா என்று பழைய ஆயிலை வடிப்பதற்கு முன்பே தெரிந்துகொள்வதும் நல்லது.

அடுத்தது வடிபோல்ட். தொடக்கக்காரர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு இங்கே நிகழ்கிறது: எஞ்சின் போல்ட் என்று எண்ணிக் கியர்பாக்ஸின் போல்ட்டைக் கழற்றிவிடுகிறார்கள். கியர் ஆயில் வடிந்துபோகும், எஞ்சினில் பழைய ஆயிலின் மேல் புதியது நிரம்பி அளவு மிகும், கியர்பாக்ஸ் வறண்டு ஓடும். வடிகிற ஆயில் கருமையின்றித் தெளிவாகவும் கந்தக நெடியோடும் இருந்தால் உடனே போல்ட்டை மூடுங்கள். பெல்ட்டுகள் ஓடும் பக்கம் எஞ்சின், கிளட்ச் பக்கம் கியர்பாக்ஸ் என்று முதலிலேயே பிரித்துப் பார்த்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது.

போல்ட்டை ஸ்பேனரால் தளர்த்திய பின் கையால் திருகும்போது, மேல்நோக்கி அழுத்தியபடியே திருகி, கடைசி மரை விட்டதும் சட்டென்று விலக்குங்கள். ஆயில் முதலில் பக்கவாட்டில் பாய்ந்து, பிறகு நேராக விழும். பாத்திரத்தை அதற்கேற்ப வையுங்கள். சொட்டுகளாகக் குறையும்வரை கால் மணி நேரம் பொறுத்திருங்கள். பழைய வாஷரை எறிந்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். அது நசுங்கி இடைவெளியை அடைப்பதற்காகவே செய்யப்பட்டது, ஒருமுறை நசுங்கியது மறுமுறை அடைக்காது. முதல் நான்கைந்து சுற்றுகளைக் கையாலேயே ஏற்றுங்கள். கையால் ஏறாத போல்ட் கோணலாகப் பிடித்திருக்கிறது என்று பொருள். இறுதி இறுக்கம் டார்க் ரெஞ்சில், கையேடு சொல்லும் அளவுக்கு.

ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் அதோடு வந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதிய ஃபில்டரைப் போட்டால் இரண்டு வளையங்களும் வழுக்கி, ஓட்டத்தில் ஆயில் முழுவதையும் சாலையில் கொட்டிவிடும். புதிய வளையத்தில் விரலால் சிறிது புதிய ஆயில் தடவி, கையால் திருகி, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று மட்டும் கையாலேயே இறுக்குங்கள். ஃபில்டர் ரெஞ்ச் கழற்றுவதற்கு மட்டுமே.

காரை இறக்கி, கையேட்டில் உள்ள தரத்தில், குறிப்பிட்ட அளவைவிட அரை லிட்டர் குறைத்து ஊற்றுங்கள். சிறிய கார்கள் பலவற்றுக்கு ஏறத்தாழ மூன்று லிட்டர் போதும். கேனில் மீதி இருக்கிறது என்பதற்காக ஊற்றக் கூடாது. மிகுந்த ஆயிலை எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு கடைந்து நுரையாக்கும், நுரை உராய்வைத் தடுக்காது. எஞ்சினை ஓடவிட்டுச் சில வினாடிகளில் ஆயில் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அடியில் கசிவு பாருங்கள். நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து, சமதரையில், ஆயில் மட்டம் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைத் துடைத்துச் செருகிப் பார்த்து, மேல்குறிக்குச் சற்றுக் கீழே நிற்கும்வரை சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும்.

9. முன் பிரேக் பேட்

இதை வேறொரு சனிக்கிழமைக்கு ஒதுக்குங்கள். களைத்த கையோடு பிரேக்கைத் தொடக் கூடாது. பேட்டின் உராய்வுப் பகுதி 3 மி.மீ. அளவுக்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும், இரண்டு பக்கமும் ஒருங்கே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒருபுறம் இழுக்கும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டுமே கழற்றுங்கள். மாட்டும்போது ஐயம் வந்தால் மறுபக்கத்தைப் போய்ப் பார்க்கலாம். கைப்பேசிப் படத்தைவிட அது தெளிவு.

நட்டுகளை எடுத்தும் சக்கரம் வராமல், அது மாட்டியிருக்கும் மையப்பகுதியான ஹப்பில் துருவோடு ஒட்டியிருக்கும். நட்டுகளை இரண்டு மரை ஏற்றிவைத்து, டயரின் பக்கத்தில் கட்டையால் தட்டுங்கள். நட்டு இல்லாமல் தட்டினால் சக்கரம் பிய்ந்து காலில் விழும்.

பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவின் மட்டத்தைப் பாருங்கள். புதிய பேட்டுக்கு இடம் செய்ய, பேட்டை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் மேலேறும். ஏற்கெனவே மேல்குறியில் இருந்தால் ஊசியில்லாத சிரிஞ்சால் சிறிது உறிஞ்சி எடுங்கள். வழிந்து பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் உரியும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

ஸ்டீயரிங்கை வெளிப்பக்கம் திருப்பி, பிஸ்டனையும் பேட்டுகளையும் தாங்கும் காலிப்பரின் கீழ்ப்போல்ட்டைக் கழற்றினால் பெரும்பாலான சிறிய கார்களில் காலிப்பர் மேல்நோக்கி மடங்கும். முழுவதும் கழற்ற வேண்டியிருந்தால் அதைக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸின் உட்புறம் விரிசல் விடும், வெளியே தெரியாது. அங்கே சேர்ந்திருக்கும் கரும்புழுதியை வாயால் ஊதாதீர்கள், மூச்சில் போகத் தகாதது, ஈரத்துணியால் துடையுங்கள்.

பழைய பேட்டுகளை எடுத்ததும் உள்பேட், வெளிபேட் இரண்டின் தேய்மானத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். நம் மாவட்டத்தில் இந்த ஒப்பீடு மிக முக்கியம். ஒன்று நன்றாகத் தேய்ந்து மற்றது புதிதுபோல் இருந்தால், காலிப்பர் நகரும் ஊசிகளிலோ பேட் அமரும் பள்ளத்திலோ உப்புத்துரு பிடித்திருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் புதிய பேட் போட்டால் அதுவும் அப்படியே தேயும். பள்ளங்களைக் கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேய்த்து, ஊசிகளை வெளியே இழுத்துத் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகப் பூசுங்கள். சாதாரண கிரீஸ் அங்குள்ள ரப்பரை ஊதவைத்துவிடும். புதிய பேட் பள்ளத்தில் விரலால் தள்ளினாலே நகர வேண்டும்; சுத்தியல் தேவைப்பட்டால் துரு இன்னும் மீதி இருக்கிறது.

டிஸ்க்கின் ஓரத்தில் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் பேட்டோடு டிஸ்க்கையும் மாற்ற வேண்டியதுதான்.

பழைய பேட்டைப் பிஸ்டன் மேல் வைத்து, சி-கிளாம்பால் மெதுவாக, நேராக உள்ளே தள்ளுங்கள். புதிய பேட்டின் உராய்வுப் பக்கம் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். இதைச் சொல்வது அறிவை ஐயுறுவதுபோல் தோன்றலாம். ஆனால் இரும்புப் பக்கத்தை உள்ளே வைத்து மாட்டி ஓட்டி, டிஸ்க்கை வரிவரியாகக் கீறிக்கொண்டு வந்தவரை நான் அறிவேன். தேய்மானத்தை ஒலித்துக் காட்டும் சிறு தகடு பழைய பேட்டில் எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் வரட்டும்.

காலிப்பர் போல்ட்டைக் கையேட்டின் அளவுக்கு இறுக்கி, சக்கரத்தை மாட்டி, நட்டுகளைக் குறுக்குமறுக்காகப் பிடித்து, கார் தரையில் இறங்கிய பின் டார்க் ரெஞ்சில் முடியுங்கள். சிறிய கார்களில் இது பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். துருவுக்குப் பயந்து நட்டு மரையில் கிரீஸ் பூசுவது கடலோர வழக்கமாகிவிட்டது. அது தவறு: மரை வழுக்கினால் அதே டார்க் அளவில் நட்டு அளவுக்குமீறி ஏறி, அது ஏறும் தண்டான ஸ்டட் இழுபடும். கிரீஸ் வேண்டுமானால் ஹப்பின் நடுவிளிம்பில் மட்டும் மெல்லப் பூசலாம்.

10. நகர்த்துவதற்கு முன்பும் பின்பும்

எஞ்சினை இயக்குவதற்கு முன்பே பிரேக் பெடலைப் பலமுறை மிதியுங்கள். முதல் சில மிதிகள் தரைவரை போகும். பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன்கள் மீண்டும் பேட்டை வந்து தொடும்வரை பிரேக் என்பதே இல்லை. இதை மறந்து காரை எடுத்தவர்கள் முதலில் சந்திப்பது கேட்டை அல்லது எதிர்வீட்டுச் சுவரை. பெடல் கெட்டியான பிறகு பிரேக் ஆயில் மட்டத்தைச் சரிபார்த்து, மூடியை மூடுங்கள்.

புதிய பேட்டைப் பழக்க, அதிகாலையில் வெறிச்சோடிய சமதளச் சாலை ஒன்றில், 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை மிதமாகக் குறைப்பதை எட்டுப் பத்து முறை, இடையிடையே ஆறவிட்டுச் செய்யுங்கள். பேச்சிப்பாறைப் பக்கத்து இறக்கங்களில் இதைச் சோதிக்க வேண்டாம். நாற்றம் வந்தாலோ ஒரு பக்க சக்கரம் மட்டும் கை வைக்க முடியாத சூடாக இருந்தாலோ பேட் இறுகிப் பிடித்திருக்கிறது. திரும்பக் கழற்றிப் பள்ளங்களைப் பாருங்கள்.

பழைய ஆயிலை எறும்புக்கும் கரையானுக்கும் என்று வேலிக்காலில் பூசுவதும், ஓடையில் கொட்டுவதும் வேண்டாம். செம்மண் வழியே அது பக்கத்துக் கிணற்றுக்கே போய்ச் சேரும். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அதுவும் அபாயகரக் கழிவே. ஆயில் வந்த கேனிலேயே திரும்ப ஊற்றி, பழைய ஆயிலைச் சேகரித்து மறுசுழற்சிக்குக் கொடுக்கும் ஒர்க்ஷாப்பில் ஒப்படையுங்கள். பழைய ஃபில்டரை ஓர் இரவு கவிழ்த்து வடித்து அதோடு சேர்த்துக் கொடுக்கலாம். பழைய பேட்டரியை, புதியது வாங்கும் கடையே விலை கழித்து எடுத்துக்கொள்ளும்.

இரவில் காருக்கு அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்துவைத்து, மறுநாள் காலையில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடிய பின் சக்கர நட்டுகளை மீண்டும் டார்க் ரெஞ்சில் சரிபார்த்து, ஆயில் மட்டத்தையும் பார்த்துவிட்டு, நோட்டில் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதுங்கள்.